யாருடைய வேகம்?

அமெரிக்க நெடுஞ்சாலைப் போலீஸின் ரோந்து கார்களில் டாஷ்போர்டின் மேல் பொருத்தியிருக்கும் ரேடார் கருவியில் பொதுவாக மூன்று சிறு சன்னல்கள் இருக்கும். ஒன்றில் சாலையில் வரும் வண்டியின் வேகம், இன்னொன்றில் காவலர் பூட்டி வைத்த எண், மூன்றாவதில் ரோந்து காரின் சொந்த வேகம். கூடவே கைக்கடக்கமான ரிமோட் ஒன்று. அலையை விடவும் நிறுத்தவும், முன் ஆண்டெனாவிலிருந்து பின் ஆண்டெனாவுக்கு மாறவும், தன் கார் நிற்கிறதா ஓடுகிறதா என்று கருவிக்குச் சொல்லவும், எதிர்த்திசை வண்டியா அதே திசை வண்டியா என்று தெரிவிக்கவும், உணர்திறனையும் ஒலியையும் கூட்டிக் குறைக்கவும், எண்ணைப் பூட்டவும் அதில் பொத்தான்கள் உண்டு. பார்ப்பவர்களுக்கு இவை வெறும் வசதிகள், அளக்கும் வேலையைக் கருவியே செய்துவிடுகிறது என்றுதான் தோன்றும். அந்த எண்ணம் தவறு என்று காட்டுவதே இந்த அத்தியாயத்தின் நோக்கம். ரேடார் வேகத்தை மிக நன்றாக அளக்கிறது. ஆனால் அந்த வேகம் எந்த வண்டியுடையது என்பது அதற்குத் தெரியாது. அதைத் தீர்மானிப்பவர் பொத்தான்களை இயக்கும் காவலர். அபராதச் சீட்டில் ஏறும் எண்ணில் பாதி இயற்பியல், மறுபாதி அவருடைய தீர்ப்பு.

இயற்பியல் பாதியை முதலில் பார்ப்போம்; அதில் சச்சரவுக்கு அதிக இடமில்லை. நகரும் பொருளிலிருந்து வரும் அலையின் அதிர்வெண் மாறும் என்று ஆஸ்திரிய அறிவியலாளர் கிறிஸ்டியன் டாப்ளர் 1842இல் சொன்னார். அந்த விதியைச் சாலைக்குக் கொண்டுவந்தது இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான வேலை ஒன்று. தரையிறங்கும் விமானங்களின் வேகத்தை அளக்க, கனெக்டிகட் மாநிலத்தின் நார்வாக் நகரிலிருந்த ஆட்டோமேடிக் சிக்னல் நிறுவனத்தில் ஜான் பார்க்கரும் பென் மிட்லாக்கும் ஒரு நுண்ணலைக் கருவியை உருவாக்கினார்கள். போர் முடிந்ததும் அதே கருவி கார்களின் பக்கம் திரும்பியது. 1949இல் கனெக்டிகட்டின் கிளாஸ்டன்பரியில் அதை வைத்து வேகக் குற்றத்துக்கு அபராதம் விதிக்கத் தொடங்கினார்கள். பின்னர் வந்த கருவிகளில் பெருவழக்கான ஒன்று 24.15 கிகாஹெர்ட்ஸ் அலையை அனுப்புகிறது. எதிரே வரும் வண்டியில் பட்டுத் திரும்பும் அலை, மணிக்கு ஒரு மைல் வேகத்துக்கு 72 ஹெர்ட்ஸ் வீதம் அதிர்வெண் கூடித் திரும்பும். மணிக்கு 60 மைல், அதாவது ஏறத்தாழ 97 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காரென்றால் சுமார் 4,320 ஹெர்ட்ஸ் கூடுதல். இரண்டாயிரத்து நானூறு கோடி அதிர்வுகளில் இந்தக் கூடுதல் மிகச் சொற்பம். ஆனால் போன அலையையும் வந்த அலையையும் கலந்தால் வித்தியாசம் மட்டும் தனியே பிரிந்து நிற்கிறது. அது மனிதக் காது கேட்கும் எல்லைக்குள் இருக்கிறது. ஒரு நொடிக்கு இத்தனை அதிர்வு என்று எண்ணினால் போதும், வேகம் கிடைத்துவிடும். கருவியைத் துல்லியமாக்கியது இந்த எளிமைதான். நின்ற நிலையில் மணிக்கு ஒரு மைல் கூட அல்லது குறைய என்ற வரம்புக்குள் அது காட்டிவிடும்.

அந்த அதிர்வெண்ணில் என்னென்ன இல்லை என்பதுதான் முக்கியம். விமான நிலைய ரேடார் துடிப்புத் துடிப்பாக அலையை அனுப்பி, திரும்பி வர எடுத்த நேரத்தைக் கொண்டு தூரத்தையும் அறிகிறது. போலீஸ் ரேடார் இடைவிடாமல் அலையை விட்டுக்கொண்டே இருப்பது. எதிரொலி எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது. எந்தத் தடத்திலிருந்து வந்தது என்றும் தெரியாது. பழைய கருவிகளுக்கு வண்டி வருகிறதா போகிறதா என்பதுகூடத் தெரியாது. கூடினாலும் குறைந்தாலும் வித்தியாசத்தின் அளவு மட்டும்தான் அவற்றுக்குப் புலப்படும். ஆண்டெனாவிலிருந்து புறப்படும் அலை ஒரு கோடாகப் போவதில்லை, விரிந்துகொண்டே போகிறது. விரிவு 12 பாகை என்று வைத்துக்கொண்டால், 100 மீட்டர் தூரத்தில் அதன் அகலம் 21 மீட்டர், 300 மீட்டர் தூரத்தில் 63 மீட்டர். அமெரிக்க நெடுஞ்சாலைத் தடம் ஒன்றின் அகலம் நான்கு மீட்டருக்கும் குறைவு. ஆண்டெனாவை ஒரு காரை நோக்கித் திருப்பி வைத்திருக்கிறோம் என்பதால் அந்தக் காரை மட்டும் அது பார்க்கிறது என்று ஆகாது. நான்கு தடச் சாலையில் ஓடும் அத்தனையையும் அது ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அத்தனையிலும் எதன் எண் திரையில் வரும்? பழைய கருவிகளில் விடை ஒன்றுதான்: எதன் எதிரொலி வலுவானதோ அதன் எண். வலுவைத் தீர்மானிப்பவை வண்டியின் உருவமும் தூரமும். தூரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதமாக எதிரொலி மெலிகிறது. தூரம் இரட்டித்தால் வலு பதினாறில் ஒரு பங்காகிவிடும். அப்படியென்றால் பக்கத்தில் இருப்பதுதானே ஜெயிக்கும் என்று கேட்கலாம். பெரும்பாலும் ஜெயிக்கும். ஆனால் தாழ்ந்த, வளைந்த முகம் கொண்ட சிறிய காரைவிடப் பதினாறு மடங்கு நன்றாக அலையைத் திருப்பும் கண்டெய்னர் லாரி ஒன்று அதற்கு இரண்டு மடங்கு தூரத்தில் வந்தாலும் இரண்டும் சமமாகிவிடும். லாரி அதற்கும் பெரிதாக இருந்தால் எண் லாரியுடையது. காவலரின் கண்ணில் படுவதோ முன்னால் வரும் சிறிய கார். திரையில் 72 என்று எழுதியிருக்கிறது, கார் 58இல் வந்துகொண்டிருக்கிறது. கருவி பொய் சொல்லவில்லை. 72 என்பது சரியான வேகம்தான், வேறு ஒருவருடையது.

இங்கேதான் பொத்தான்களின் உண்மையான வேலை தெரிகிறது. உணர்திறனைக் குறைப்பதால் அலையின் வலுவோ விரிவோ குறைவதில்லை. கருவி எவ்வளவு மெல்லிய எதிரொலிக்குக் காது கொடுக்க வேண்டும் என்பதுதான் மாறுகிறது. மேட்டு வளைவில் 200 மீட்டர் வரைதான் சாலை தெரிகிறது என்றால், அந்த அளவுக்கு உணர்திறனை இறக்கிவிடுவது காவலரின் பொறுப்பு. உச்சத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தால், கண்ணுக்கு எட்டாத லாரி திரையில் எண்ணாக வரும். ஒலிப் பொத்தான் அதைவிட முக்கியமானது. அனுபவமில்லாதவர்கள் முதலில் அணைத்துவைப்பதும் அதைத்தான். டாப்ளர் வித்தியாசம் காதுக்குக் கேட்கும் அதிர்வெண் என்று சொன்னோம் அல்லவா, அதை ஒலிபெருக்கியில் விட்டால் வேகமே சுருதியாகிவிடுகிறது. ஒரே வண்டியென்றால் சுத்தமான, ஏறி இறங்காத ஒற்றைச் சுருதி. இரண்டு மூன்று கலந்தால் கரகரப்பு. மின்காந்தக் குறுக்கீடு என்றால் சீறலும் விட்டுவிட்டு வரும் ஓசையும். காரோட்டி போலீஸைப் பார்த்துச் சட்டென்று பிரேக்கை மிதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காரின் மூக்கு தாழ்வதைக் கண் பார்க்கிறது. அதே நொடியில் சுருதி இறங்குவதைக் காது கேட்கிறது. அந்த எண் அந்தக் காருடையதுதான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று திரையில் கிடைக்காது. கார் தாழ்ந்தும் சுருதி அப்படியே நின்றால், எண் இன்னொரு வண்டியுடையது.

ரோந்து கார் ஓடிக்கொண்டிருக்கும்போது விஷயம் இன்னும் சிக்கலாகிறது. அப்போது கருவி இரண்டு அளவுகளை எடுக்கிறது. எதிரே உள்ள தரையிலிருந்து வரும் எதிரொலியை வைத்துத் தன் காரின் வேகத்தைக் கணக்கிடுகிறது. எதிர் வண்டி நெருங்கும் மொத்த வேகத்தை இன்னோர் எதிரொலியிலிருந்து எடுக்கிறது. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் எதிர் வண்டியின் வேகம். கணக்கு சரிதான். ஆனால் முன்னால் அதே திசையில் மேடேறிக்கொண்டிருக்கும் பெரிய லாரி ஒன்றைத் தரை என்று கருவி எடுத்துக்கொண்டால்? ரோந்து கார் 60இல் போகிறது, லாரி 20இல் போகிறது; லாரியை நெருங்கும் வேகம் 40. தன் வேகம் 40 என்று கருவி நம்பிவிடுகிறது. எதிரே 55இல் வரும் கார் நெருங்கும் வேகம் 115. அதில் 40ஐக் கழித்து 75 என்று காட்டுகிறது. வேக வரம்பை மீறாத ஒருவர் மீது 20 மைல் ஏற்றிச் சொல்லியாகிவிட்டது. ஆண்டெனா சாலைக்குக் கோணலாக இருந்தாலும் இதே திசையில் சிறிய பிழை வரும். நின்றபடி அளக்கும்போது கோணம் எப்போதும் வேகத்தைக் குறைத்தே காட்டும்: 20 பாகைக் கோணத்தில் 70 மைல் சுமார் 66 ஆகத் தெரியும், லாபம் காரோட்டிக்கு. ஓடும்போது தன் வேகமே குறைவாகக் கணக்கிடப்படுவதால் கழிக்க வேண்டியது குறைந்து, எதிராளியின் வேகம் கூடிவிடுகிறது. இந்த இரண்டு பிழைகளுக்கும் மருந்து ஒரே பார்வைதான்: ரோந்து வேகம் காட்டும் சன்னலையும் காரின் ஸ்பீடாமீட்டரையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. ஒன்று 40, மற்றது 60 என்றால் அந்த அளவீட்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

அதே திசையில் போகும் வண்டியை அளப்பதில் மனிதக் கையின் பங்கு இன்னும் வெளிப்படையாகத் தெரியும். ரோந்து கார் 60இல் போகிறது, முன்னால் ஒரு வண்டி 50இல் போகிறது. திசை அறியாத கருவிக்குக் கிடைப்பது வித்தியாசம் 10 என்ற ஒற்றைத் தகவல். அதைக் கூட்ட வேண்டுமா கழிக்க வேண்டுமா என்று அதற்குத் தெரியாது. முன்னால் போவது நம்மைவிட வேகமா மெதுவா என்று காவலர் பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். ‘மெது’ என்றால் 50 என்று காட்டும். தவறுதலாக ‘வேகம்’ என்ற நிலையிலேயே விட்டிருந்தால் 70. டாப்ளர் விதி, மின்சுற்று, ஆண்டெனா எல்லாம் பழுதின்றி வேலை செய்திருக்கின்றன. ஒரே ஒரு பொத்தான், 20 மைல் பிழை.

கருவி சரியாக இருக்கிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? சோதனைப் பொத்தானை அழுத்தினால் எண்கள் எல்லாம் ஒளிரும், பிறகு உள்ளேயே உண்டாக்கிய ஒரு போலிச் சமிக்ஞைக்குச் சரியான எண் வருகிறதா என்று கருவி தானே பார்த்துக்கொள்ளும். இது ஆண்டெனாவின் வழியாக வந்த சமிக்ஞை இல்லை. ஆகவே ஆண்டெனாவைப் பற்றி எதுவும் சொல்லாது. அதற்காகத்தான் கருவியோடு இசைக்கவைகள் தரப்படுகின்றன, பள்ளி ஆய்வகத்தில் மாணவர்கள் கையாளும் அதே பொருள். கவையை மரத்திலோ காலணியின் குதியிலோ தட்டி ஆண்டெனாவின் முன் பிடித்தால், அதன் கரம் நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறதோ அத்தனை அதிர்வு எதிரொலியில் பதிகிறது. 24.15 கிகாஹெர்ட்ஸ் கருவிக்கு 65 மைல் என்று முத்திரையிட்ட கவை நொடிக்கு ஏறத்தாழ 4,680 முறை அதிர்வது. அதையே 10.525 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் பழைய கருவியின் முன் பிடித்தால் 149 என்று காட்டும். கவையில் பொறித்த எண்ணோடு அது எந்தக் கருவிக்கு என்பதையும் பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான். ஓடும் நிலையைச் சோதிக்க இரண்டு கவைகள் வேண்டும். 35 மைல் கவையை முதலில் தட்டிப் பிடித்தால் கருவி அதை ரோந்து வேகமாக எடுத்துக்கொள்ளும். அடுத்து 65 மைல் கவையையும் சேர்த்துப் பிடித்தால் வித்தியாசமான 30 வண்டியின் வேகமாகத் திரையில் வர வேண்டும். இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. கவை சோதிப்பது எண்ணும் திறனை. அனுப்பும் அலை 24.15 கிகாஹெர்ட்ஸ்தானா என்று அதனால் சொல்ல முடியாது. அதற்கு ஆய்வகத்தில் அளவு திருத்தம் செய்ய வேண்டும். இருந்தாலும் அதிர்வெண் 0.4 சதவீதம் விலகினால்கூட 60 மைலில் வரும் பிழை கால் மைல்தான். தவறான வண்டியைப் பிடிப்பதோடு ஒப்பிட்டால் இது ஒரு பிழையே அல்ல.

இந்த வேறுபாட்டை உலகம் கவனித்தது 1979இல். மயாமியில் ஒரு தொலைக்காட்சி நிலையம் போலீஸ் ரேடாரை வைத்துச் செய்து காட்டியபோது ஒரு பனை வகை மரத்தின் வேகம் மணிக்கு 86 மைல் என்றும் ஒரு வீட்டின் வேகம் 28 மைல் என்றும் திரையில் வந்தது. நகராத பொருளுக்கு வேகம் எங்கிருந்து வரும்? காருக்குள் ஓடும் ஏசி விசிறியின் இறக்கைகளும் அலையைத் திருப்புகின்றன, அவையும் நகர்பவைதாம். சாலையில் வலுவான எதிரொலி எதுவும் இல்லாதபோது விசிறியின் சுழற்சி எண்ணாகத் திரையில் ஏறிவிடும். வானொலிக் கருவியில் பேசினாலும் மின்கம்பிகளின் அருகில் நின்றாலும் போலி எண் வரலாம். அதே ஆண்டு அங்கு வேகக் குற்ற வழக்குகளை விசாரித்த நீதிபதி ஆல்ஃப்ரெட் நெஸ்பிட், ரேடார் அளவீட்டின் நம்பகத்தன்மை ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படவில்லை என்று தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்பில் கவனிக்க வேண்டியது, அன்றைக்கு அது பயன்படுத்தப்பட்ட விதத்தில் என்ற வரையறையோடு அவர் அதைச் சொன்னார் என்பதே. டாப்ளர் விதியை அவர் சந்தேகிக்கவில்லை. டாப்ளர் ரேடாரின் அடிப்படையை நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 1955இலேயே ஏற்றுக்கொண்டிருந்தது. சந்தேகம் முழுவதும் கருவி இருந்த கைகளைப் பற்றியது.

பழைய கருவிகளில் இருந்த தானியங்கிப் பூட்டைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். ஒரு வேக வரம்பை வைத்துவிட்டால், அதைத் தாண்டும் முதல் எண் வந்ததும் கருவி தானே பூட்டிக்கொண்டு மணியடிக்கும். காவலர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தாலும் வேலை நடக்கும் என்பதுதான் இதன் ஆபத்து. ஒரு கணத்துக் குறுக்கீடும் உறைந்து சாட்சியமாகிவிடும். சுருதியைக் கேட்க நேரமில்லை, கண்ணால் மதிப்பிட நேரமில்லை. பின்னாளில் வந்த அமெரிக்கத் தேசியத் தர வரையறைகள் இந்த வசதியை ஒதுக்கின. பூட்டும் உரிமை மீண்டும் காவலரின் விரலுக்கு வந்தது. ஒரு வசதியைப் பிடுங்கியதன் மூலம் கருவியை மேம்படுத்திய அரிய நிகழ்வாக இதை நான் மதிக்கிறேன்.

எண் யாருடையது என்பதைக் காவலரே தீர்மானிக்கிறார் என்ற கருத்துக்கு எதிராக மூன்று வாதங்கள் உண்டு. முதலாவது, இதெல்லாம் பழங்கதை, இன்றைய கருவிகள் கணினி போன்றவை என்பது. உண்மைதான்: எண்முறைச் சமிக்ஞை ஆய்வு வந்தபின் ஒரே நேரத்தில் பல வண்டிகளின் எதிரொலிகளைப் பிரித்து, வலுவானதை ஒரு சன்னலிலும் வேகமானதை இன்னொன்றிலும் காட்ட முடிகிறது. திசையறியும் கருவிகள் கூட்டல் கழித்தல் சிக்கலைப் பெருமளவு தீர்த்துவிட்டன. அதனால் பிழைகள் குறைந்தன. ஆனால் இரண்டு எண்களைக் காட்டும் கருவி, எந்த எண் எந்தக் காருடையது என்ற கேள்வியை இரண்டாக்கியிருக்கிறதே தவிர, அதற்குப் பதில் சொல்லவில்லை. ‘வலுவானது’ பக்கத்திலிருக்கும் லாரியா, ‘வேகமானது’ அதை முந்தும் காரா, அல்லது முன்னூறு மீட்டர் பின்னால் வரும் இன்னொன்றா என்பதை இப்போதும் கண்தான் சொல்ல வேண்டும். இன்னொரு விஷயம், கவை முன்னும் பின்னும் அதிர்வதால் திசையறியும் கருவிக்கு அது வருவதும் போவதுமாகவே தெரியும். ஆகவே அவற்றில் சிலவற்றில் கவைச் சோதனைக்கென்றே தனி நிலை வைக்க வேண்டியிருந்தது. ஒரு சிக்கலைத் தீர்க்கப் போய் இயக்குபவர் கற்க வேண்டிய பொத்தான் ஒன்று கூடியது.

இரண்டாவது வாதம் வலுவானது: லேசர் வந்துவிட்டதே, ரேடார் எதற்கு? லேசர் கற்றை 300 மீட்டர் தூரத்தில் ஒரு மீட்டருக்கும் குறைவாகவே விரியும். குறி வைத்த காரை மட்டுமே அது தொடும். அடையாளச் சிக்கலுக்கு இது நேர்மையான தீர்வு, ஐயமில்லை. ஆனால் அது துடிப்புத் துடிப்பாகத் தூரத்தை அளந்து, தூரம் மாறும் விதத்திலிருந்து வேகத்தைக் கணக்கிடுகிறது. குறி எண் பலகையிலிருந்து நழுவி காரின் பக்கவாட்டில் ஓடினால், அந்த நழுவலும் தூர மாற்றமாகவே கணக்கில் சேரும். கையின் நடுக்கம் இங்கே எண்ணாகிறது. நின்ற இடத்திலிருந்து குறிபார்க்க வேண்டிய கருவி என்பதால், ஓடும் ரோந்து காரில் ரேடார் செய்யும் வேலையை அது செய்வதில்லை. லேசர், இயக்குபவரின் தீர்ப்பை நீக்கவில்லை. திரையைப் படிப்பதிலிருந்து குறி வைப்பதற்கு இடம் மாற்றியிருக்கிறது.

மூன்றாவது வாதத்தை நீதிமன்றங்களே எழுப்பின. 1966இல் ஹனிகட் வழக்கில் கென்டக்கி மேல்முறையீட்டு நீதிமன்றம், ரேடாரின் அறிவியலைக் காவலர் விளக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, அதை நிறுவி, சோதித்து, எண்ணைப் படிக்கத் தெரிந்தால் போதும் என்றது. கடிகாரம் பார்க்கத் தெரிந்தவருக்கு அதன் உள்ளமைப்பு எதற்கு என்ற நியாயம் இதில் இருக்கிறது. டாப்ளர் சூத்திரத்தைப் பொறுத்தவரை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முன்னால் தனியாக, மிக அருகில் வரும் வண்டியின் எண்ணே திரையில் இருக்கும் என்ற கருத்தையும் அந்தத் தீர்ப்பு வலுப்படுத்தியது. லாரியின் எதிரொலி அந்தக் கருத்துக்குக் கட்டுப்படாது. எதிரொலியின் வலு எதைப் பொறுத்தது என்று அறியாத காவலர் அந்த விதிவிலக்கைச் சந்தேகிக்கவே மாட்டார். எண்ணைப் படிப்பது எளிது. எப்போது அந்த எண்ணை நம்பக் கூடாது என்று தெரிவதற்குத்தான் அறிவியல் வேண்டும்.

கண்ணின் மதிப்பீடு அகவயமானது, அதை நீக்கத்தானே கருவி வந்தது என்றும் சிலர் கேட்பார்கள். கண்ணும் காதும் கருவியும் தனித்தனியே தவறக்கூடியவை. ஆனால் மூன்றும் தவறும் விதம் வேறு வேறு. லாரி கருவியை ஏமாற்றும், கண்ணை ஏமாற்றாது. கண் 58க்கும் 63க்கும் வேறுபாடு அறியாது, கருவி அறியும். அமெரிக்கப் பயிற்சி முறையில் காவலர் முதலில் வண்டியைப் பார்த்து அதன் வேகத்தைத் தன் மனத்தில் மதிப்பிட வேண்டும். பிறகே அலையை விட வேண்டும். சுருதியைக் கேட்க வேண்டும். எண் சில நொடிகள் நிலையாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓடும் நிலையென்றால் ஸ்பீடாமீட்டரோடு ஒப்பிட வேண்டும். இவை ஒத்துப்போனால்தான் பூட்டு. முதலில் எண்ணைப் பார்த்துவிட்டுப் பிறகு மதிப்பிட்டால், மதிப்பீடு எண்ணின் பின்னால் போய்விடும். வரிசை மாறக் கூடாது என்பதன் காரணம் இதுதான்.

1978இல் ஹான்சன் வழக்கில் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் ஓடும் ரேடாருக்கு வகுத்த நிபந்தனைகள், நான் அறிந்தவரையில் இந்தக் கருவியை மிகச் சரியாகப் புரிந்துகொண்ட சட்ட வாசகம். இயக்குபவருக்குப் போதிய பயிற்சியும் அனுபவமும் இருக்க வேண்டும், கருவி அந்த நேரத்தில் நல்ல நிலையில் இருந்திருக்க வேண்டும், குறுக்கீடு மிகக் குறைந்த சூழலில் அளந்திருக்க வேண்டும், ரோந்து காரின் வேகம் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும், கருவியின் உள் சோதனையை நம்பாத வேறொரு வழியில் விரைவிலேயே சோதித்திருக்க வேண்டும். இவற்றில் ஒன்றுகூட டாப்ளரைப் பற்றியது இல்லை. ஐந்தும் மனிதர் செய்ய வேண்டியவை. மயாமி வழக்குக்குப் பின் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் வகுத்த பயிற்சித் திட்டம் இதற்கென்று 24 மணி நேர வகுப்பையும் 16 மணி நேர மேற்பார்வையிட்ட களப் பயிற்சியையும் வைத்தது. ஒருவருக்கு அபராதம் விதிக்கும், உரிமத்தைப் பறிக்கவும் காரணமாகும் எண்ணை உண்டாக்குபவருக்கு 40 மணி நேரப் பயிற்சி அதிகம் அல்ல. ரேடார் வாங்கப் பணம் ஒதுக்கும் எந்தக் காவல் துறையும் இந்த நேரத்தையும் சேர்த்தே ஒதுக்க வேண்டும். அதற்கு மனமில்லையென்றால் கருவியை வாங்காமல் இருப்பதே நல்லது.